வெளிநாட்டு விருந்தாளியோடு கொடைக்கானல் போகிறீர்களா? சாப்பாட்டு விஷயத்தில் முன்கூட்டியே செய்ய வேண்டியவை

லண்டனில் பிறந்து வளர்ந்த பேரப்பிள்ளை, அமெரிக்க மருமகள், ஆபீஸில் கூட வேலை பார்க்கும் ஜெர்மன்காரர் என்று முதல்முறை தமிழ்நாட்டுக்கு வரும் யாரையாவது கொடைக்கானலுக்குக் கூட்டிப் போகும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருந்தால், இது உங்களுக்கு. ரூம் புக்கிங், சுற்றிப் பார்க்கும் இடங்கள் எல்லாம் நிறைய பேர் எழுதிவிட்டார்கள். பயணம் கெட்டுப் போவது பெரும்பாலும் வயிற்றில்தான். மலைப்பாதையில் வாந்தி, பச்சைத் தண்ணீரால் வயிற்றுப்போக்கு, ராத்திரி ஒன்பதரைக்குக் கடை தேடி அலைவது, பந்தியில் பாதியில் எழுந்து போய் வீட்டுக்காரர் மனம் நோவது. எல்லாமே முன்கூட்டியே தவிர்க்கக் கூடியவை.

1. கிளம்பும் முன் எடுத்து வைக்க வேண்டிய காகிதங்கள்

முதலில் இ-பாஸ். 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வெளியிலிருந்து வரும் வண்டிகளுக்கு இது கட்டாயம். கட்டணம் கிடையாது. அரசு இணையதளத்தில் வண்டி எண், எத்தனை பேர், வரும் தேதி, திரும்பும் தேதி, தங்கும் இடம் எல்லாம் கொடுத்தால் பாஸ் வந்துவிடும். வெளிநாட்டு செல்போன் எண் மட்டும் உள்ளவர்கள் மின்னஞ்சல் வழியாகப் பதியலாம். ஆனால் வண்டியோடு நீங்கள் போகும்போது உங்கள் பெயரிலேயே எடுப்பது சுலபம். அரசுப் பேருந்தில் போனால் இதெல்லாம் வேண்டாம். 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று நீதிமன்றம் வரம்பே வைத்தது. ஆகவே ஏப்ரல், மே மாதங்களில் கடைசி நாள் வரை இழுக்காதீர்கள்.

அடுத்தது பாஸ்போர்ட், விசா. வெளிநாட்டவர் எங்கே தங்கினாலும், தங்க வைப்பவர் 24 மணி நேரத்துக்குள் இணையம் வழியாகக் குடியேற்றத் துறைக்குத் தகவல் கொடுக்க வேண்டும். ‘ஃபார்ம் சி’ என்று லாட்ஜில் கேட்பது இதைத்தான். ஹோம்ஸ்டேக்கும் இது பொருந்தும். சின்ன ஹோம்ஸ்டேகள் சிலவற்றில் இதற்கான பதிவு இருக்காது. ராத்திரி எட்டு மணிக்கு வாசலில் வைத்து ‘ஃபாரினர்னா முடியாது சார்’ என்பார்கள். அட்வான்ஸ் கட்டும் முன்பே, ‘வெளிநாட்டுக்காரர் வருகிறார், உங்களிடம் பதிவு இருக்கிறதா’ என்று கேட்டுவிடுங்கள். பாஸ்போர்ட் முகப்புப் பக்கம், விசா, இந்தியாவுக்குள் நுழைந்த முத்திரை மூன்றுக்கும் இரண்டு ஜெராக்ஸ் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக நீங்களே தயாரிக்க வேண்டிய ஒரு துண்டுக் காகிதம். விருந்தாளிக்கு ஒவ்வாத உணவு இருந்தால் அதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி அவர் பையிலேயே போட்டு வையுங்கள். ‘அலர்ஜி’ என்று மட்டும் சொன்னால் கடையில் விளங்காது. ‘வேர்க்கடலை துளி பட்டாலும் மூச்சுத் திணறும். சட்னியில் கடலை வேண்டாம். கடலை எண்ணெயும் வேண்டாம்’ என்று எழுதினால் மாஸ்டர் வரைக்கும் போய்ச் சேரும்.

2. மலை ஏறும் காலை

ரயிலில் வந்தால் கொடை ரோடு, காரில் வந்தால் வத்தலக்குண்டு. இங்கேதான் நம் ஆட்கள் தப்பு செய்கிறார்கள். மேலே போனால் என்ன கிடைக்குமோ என்று பூரி மசால், நெய் ரோஸ்ட், வடை, மேலே ஒரு காபி என்று விருந்தாளிக்கு வயிறு முட்ட வாங்கிக் கொடுத்துவிட்டுக் காட்ரோட்டில் திரும்புவார்கள். அங்கிருந்து இரண்டு மணி நேரம் வளைவுதான். பெருமாள்மலை வருமுன் வண்டியை ஓரம் கட்ட வேண்டி வரும்.

இரண்டு இட்லி அல்லது இடியாப்பம், சாம்பார் கொஞ்சமாக, அவ்வளவு போதும். எண்ணெயும் பாலும் வேண்டாம். வாந்தி மாத்திரை போடுகிற பழக்கம் உள்ளவர்கள் வண்டி ஏறுவதற்கு அரை மணி, ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். வளைவில் வைத்துப் போட்டால் அதுவும் சேர்ந்து வெளியே வரும். முன் சீட்டில் உட்கார வையுங்கள். போன் பார்க்க விடாதீர்கள். மேலே போய் அரை மணி நேரம் ஆறியதும் சுக்குக் காப்பி, அதன் பிறகு சாப்பாடு.

3. தண்ணீர்

கீழே கடையில் ஒரு லிட்டர் பாட்டில் ஆறு வாங்கிப் போட்டுக்கொண்டு ஏறாதீர்கள். கொடைக்கானலில் 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர், குளிர்பான பாட்டில்களுக்குத் தடை இருக்கிறது. பிடிபட்டால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. தமிழ்நாடு முழுக்க 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கப், இலை மாதிரி வெட்டிய பிளாஸ்டிக் தாள், உறிஞ்சுகுழல், கேரி பேக் எல்லாமே தடை என்பதும் நினைவிருக்கட்டும். ஆளுக்கு ஒரு எவர்சில்வர் பாட்டில் கொண்டு போங்கள். வண்டியில் 5 லிட்டர் அல்லது 20 லிட்டர் கேன் ஒன்று.

‘மலைத் தண்ணீர், ஊற்றுத் தண்ணீர், சுத்தமானது’ என்று யார் சொன்னாலும் விருந்தாளிக்குக் கொடுக்காதீர்கள். இங்கேயே பிறந்தவர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்வது அவருக்கு ஒத்துக்கொள்ளாது. ஹோட்டலில் ‘வெந்நீர்’ என்று கேட்டால் டம்ளரில் வரும், காசு வாங்க மாட்டார்கள். ஆனால் பல கடைகளில் அது கொதித்து ஆறிய நீர் இல்லை, ஹீட்டரில் சூடான நீர். ‘கொதிச்ச தண்ணியா, சூடு பண்ணினதா’ என்று கேளுங்கள். ரூமில் கெட்டிலில் காய்ச்சினால் நீர் தளதளவென்று கொதிக்க ஆரம்பித்த பிறகு மூன்று நிமிடம் கொதிக்க விட வேண்டும். கீழே ஒரு நிமிடம் போதும். 2,000 மீட்டருக்கு மேல் தண்ணீர் கிட்டத்தட்ட 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் கூடுதல் நேரம் தேவை. தானாக அணையும் கெட்டிலென்றால் மறுபடி மறுபடி போடுங்கள், அல்லது சமையல்கட்டில் கேட்டு அடுப்பில் காய்ச்சி வாங்குங்கள்.

பல் விளக்கவும் இதே தண்ணீர்தான். இதை மட்டும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

4. கடை நேரமும் மலைக் குளிரும்

காலை டிபன் ஏழரையிலிருந்து பத்தரை வரை. மதியச் சாப்பாடு பன்னிரண்டரைக்கு ஆரம்பித்து மூன்று மணிக்குள் தீர்ந்துவிடும். மூன்றரைக்குப் போனால் சாதம் இருக்கும், பொரியல் இருக்காது. நாலு மணிக்குப் பஜ்ஜி, டீ. ராத்திரி எட்டு மணிக்குள் உட்கார்ந்துவிடுங்கள். சீசன் இல்லாத மாதங்களில் டவுனில் ஏழு ரோடு சந்திப்புப் பக்கமே ஒன்பது மணிக்கு ஷட்டர் பாதி இறங்கிவிடும். ஐரோப்பாக்காரர்கள் ராத்திரி எட்டரைக்குத்தான் சாப்பாட்டைப் பற்றியே யோசிப்பார்கள். முதல் நாளே இதைச் சொல்லிவிட வேண்டும்.

பூம்பாறை, மன்னவனூர், வட்டக்கானல் பக்கம் ஹோம்ஸ்டேயில் தங்கினால் ராத்திரிச் சாப்பாட்டைக் காலையிலேயே சொல்ல வேண்டும். கோழி, காய்கறி வாங்க அவர்கள் டவுனுக்கு வர வேண்டும். இட்லி வேண்டுமென்றால் அதற்கு முந்தின நாளே. சமவெளியில் ராத்திரி அரைத்த மாவு காலையில் பொங்கி நிற்கும். டிசம்பர் குளிரில் இங்கே மறுநாள் சாயங்காலம் வரைகூட அசையாது. அடுப்பு மேடை ஓரம், போர்வைக்குள் என்று வைத்துப் புளிக்க வைக்கிறார்கள். அவசரப்படுத்தினால் கல் மாதிரி இட்லிதான் வரும், விருந்தாளி அதைத்தான் இட்லி என்று நினைத்துக்கொண்டு ஊர் போவார். அவசரத்துக்குச் சப்பாத்தி, உப்புமா, இடியாப்பம் கேளுங்கள்.

தட்டில் விழுந்த சாப்பாடு இந்தக் குளிரில் ஐந்து நிமிடத்தில் ஆறிவிடும். நெய் உறைந்து வெள்ளையாகத் திட்டுத்திட்டாக நிற்கும். படம் எடுப்பது, பேசுவது எல்லாம் அப்புறம். வந்ததும் சாப்பிடச் சொல்லுங்கள். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் ஆர்டர் செய்யாமல் இரண்டிரண்டு தோசையாகச் சொன்னால் கடைசி வரை சூடாக வரும்.

5. காரமும் ஒவ்வாமையும்

‘காரம் கம்மியா’ என்று சொன்னால் கம்மி என்பது மாஸ்டரின் நாக்குக்குக் கம்மி. ‘காரமே இல்லை சார்’ என்று கொண்டு வந்து வைக்கும் பொங்கலில் முழு மிளகு இருக்கும், சட்னியில் பச்சை மிளகாய் இருக்கும். அவர் பொய் சொல்லவில்லை. மிளகாய்த்தூள் போடவில்லை என்பதுதான் அவர் கணக்கு. பெயர் சொல்லிக் கேளுங்கள்: மிளகு, பச்சை மிளகாய், வர மிளகாய், மிளகாய்த்தூள், இஞ்சி.

முதல் இரண்டு நாளுக்குப் பாதுகாப்பானவை: இடியாப்பம் தேங்காய்ப்பால், ஆப்பம், பருப்பு நெய் சாதம், தயிர் சாதம் (மோர் மிளகாயை எடுத்துவிட்டு), சாதா தோசை. மூன்றாம் நாள் சாம்பார், பிறகு ரசம். குருமாவும் வத்தக்குழம்பும் கடைசியில். வாய் எரிந்தால் தண்ணீர் கொடுக்காதீர்கள், காரம் தண்ணீரில் கரையாது, வாய் முழுக்கப் பரவும். ஒரு கரண்டி தயிர் போதும்.

சைவம் என்று சொல்லி வருபவரிடம் முட்டை உண்டா, பால் உண்டா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நம் சைவ ஹோட்டலில் முட்டை இருக்காது, ஆனால் நெய் எல்லாவற்றிலும் இருக்கும். பால் பொருளே தொடாதவர்களுக்கு, தோசையை ‘எண்ணெயில் சுடுங்க, நெய் வேண்டாம்’ என்று சொல்ல வேண்டும். பொங்கலை விட்டுவிட வேண்டியதுதான். டவுனில் பேக்கரி கேக்குகளில் முட்டை உண்டு.

கோதுமை ஒவ்வாதவர்களுக்கு நம் சாப்பாடு நல்லது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அரிசியும் உளுந்தும்தானே என்பார்கள். பெருங்காயத்தை மறந்துவிடுகிறார்கள். கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பெரும்பாலும் மைதா அல்லது கோதுமை மாவு கலந்தது. சாம்பார், ரசம், மோர், ஊறுகாய் எல்லாவற்றிலும் அது விழும். கடுமையான ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அரிசி மாவு கலந்த பெருங்காயம் தனியாக வாங்கி ஹோம்ஸ்டேயில் கொடுத்துச் சமைக்கச் சொல்வதே வழி. ரவா தோசையில் ரவையும் மைதாவும் இருக்கிறது, அது அறவே வேண்டாம்.

முந்திரி குருமாவில் அரைத்து ஊற்றியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. கேட்டால்தான் சொல்வார்கள்.

6. இலையில் உட்காருவது

கல்யாணம், காதுகுத்து, அல்லது மீல்ஸ் ஹோட்டல் எங்கே ஆனாலும் இதற்கு ஒரு தடவை ரூமிலேயே ஒத்திகை பார்த்துவிடுவது நல்லது. தட்டு, தயிர் சாதம், ஐந்து நிமிடம்.

முதலில் கை. சாப்பிடுமுன் கழுவாமல் உட்காருவதைப் பார்த்தால் பக்கத்து இலைக்காரருக்கு முகம் சுளிக்கும். மலையில் குழாய்த் தண்ணீர் விறைக்கும், அதற்காக நுனி விரலை நனைத்துவிட்டு வரக் கூடாது. சாப்பிட்ட பிறகு குளிர்ந்த நீரில் நெய்ப் பிசுக்குப் போகாது, வெந்நீர் கேட்டால் தருவார்கள்.

இலையின் குறுகிய நுனி, சாப்பிடுபவரின் இடது கைப் பக்கம். கொஞ்சம் தண்ணீர் தெளித்து வலது கையால் தடவி ஓரத்தில் வழித்துவிட வேண்டும். விருந்தாளிக்கு அந்தத் தண்ணீரில் சந்தேகம் இருந்தால் தன் பாட்டில் தண்ணீரைத் தெளிக்கட்டும், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். மேல் பாதியில் உப்பு, ஊறுகாய், இனிப்பு, பச்சடி, பொரியல், கூட்டு, வடை, அப்பளம். கீழ் பாதி சாதத்துக்கு. பரிமாறி முடிக்கும் முன் ஊறுகாயை நக்கிப் பார்ப்பது, அப்பளத்தை ஒடித்துத் தின்பது எல்லாம் விருந்தாளிகள் வழக்கமாகச் செய்வது. சாதமும் பருப்பும் விழுந்து, பந்தியில் மூத்தவர்கள் கை வைத்த பிறகு ஆரம்பிக்கலாம் என்று சொல்லி வையுங்கள்.

வரிசை: பருப்பு நெய், சாம்பார், சில வீடுகளில் வத்தக்குழம்பு அல்லது மோர்க்குழம்பு, ரசம், பாயசம், கடைசியில் தயிரோ மோரோ. ஒவ்வொன்றுக்கும் புதுச் சாதம் வரும். புதிதாக வருபவர் சாம்பாருக்கே மூன்று கரண்டி சாதம் போட்டுக்கொண்டு ரசத்துக்கு முன் திணறிப் போவார். ஒரு தடவைக்கு ஒரு கைப்பிடி என்று கணக்குச் சொல்லுங்கள். அப்பளத்தில் பாதியைப் பாயசத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அந்த ருசி வேறு.

பிசைவது விரல் நுனியில். நாலு விரலும் சேர்ந்து ஒரு சின்னக் கரண்டி ஆகும். கட்டை விரல் பின்னாலிருந்து வாய்க்குள் தள்ளும். விரல் வாய்க்குள் போகக் கூடாது, உள்ளங்கையில் ஒட்டக் கூடாது. ரசம்தான் எல்லோருக்கும் கஷ்டம். சாதத்தைக் குவித்து நடுவில் குழி செய்து, அதில் அரைக் கரண்டி ரசம் மட்டும் வாங்கிப் பிசைந்தால் ஓடாது. அதுவும் வராவிட்டால் டம்ளரில் கேட்டுக் குடிக்கலாம். இந்தக் குளிருக்கு அது இன்னும் நல்லது. ஸ்பூன் கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. எச்சில் கையால் பாத்திரக் கரண்டியைத் தொடுவதுதான் கூடாது. தானே எடுத்துப் போட்டுக்கொள்ள நேர்ந்தால் கரண்டிக்கு இடது கை. தண்ணீர் டம்ளருக்கும் இடது கை. சாப்பாட்டை மட்டும் இடது கையால் தொடக் கூடாது. இடது கைப் பழக்கக்காரருக்கு இது பெரிய சங்கடம். அவர்களுக்கு ஸ்பூனே கொடுத்துவிடுங்கள்.

சொம்பு பொதுவாக வைத்திருந்தால் அண்ணாந்து ஊற்றிக் குடிக்க வேண்டும், உதடு படக் கூடாது. வராதவர்களுக்குத் தனி டம்ளர் கேளுங்கள்.

போதும் என்று சொல்வதற்கு வாய் பத்தாது. வலது கையை இலைக்கு மேலே விரித்துக் காட்ட வேண்டும், அதுவும் கரண்டி சாய்வதற்கு முன். ‘போதும்’, ‘கொஞ்சம்’, ‘காரம் வேண்டாம்’ என்ற மூன்றையும் விருந்தாளிக்கு வத்தலக்குண்டிலேயே சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

முடிந்ததும் இலையின் மேல் பாதியை மடித்துத் தன் பக்கமாக மூட வேண்டும். வெளிப்பக்கமாக மூடுவது துக்க வீட்டு வழக்கம். பந்தியில் பக்கத்தில் இருப்பவர்கள் முடிக்கும் முன் எழுந்திருக்கச் சொல்லாதீர்கள். மோரோடு உட்கார்ந்திருந்தால் போதும்.

7. வீட்டுக்குக் கூப்பிட்டால்

வெறுங்கையோடு போக வேண்டாம். பழம் ஒரு கிலோ, அல்லது குழந்தைகள் இருந்தால் பிஸ்கட். வெளிநாட்டு வழக்கப்படி ஒயின் பாட்டிலோடு போய் நின்றால் பல வீடுகளில் என்ன செய்வது என்றே தெரியாது. அந்தக் குடும்பத்தை நன்றாகத் தெரிந்தால் ஒழிய வேண்டாம்.

செருப்பு, ஷூ வாசலில். சிமென்ட் தரை ஐஸ் போல் இருக்கும். சாக்ஸ் போட்டுக்கொண்டு உள்ளே வரலாம். சாப்பிட்டுவிட்டு வந்தாலும் ஒரு காபியாவது குடிக்க வேண்டும். முதல் தடவை ‘வேண்டாம்’ என்பதை மரியாதைக்குச் சொன்னதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள், இரண்டாம் தடவையும் அப்படியே. உண்மையிலேயே முடியாது என்றால் விருந்தாளி சிரமப்படும் முன் நீங்கள் நடுவில் புகுந்து, ‘அவருக்கு வயிறு சரியில்லைக்கா, ராத்திரிக்குக் கொடுங்க’ என்று சொல்லிவிடுங்கள். வீட்டுப் பெண்கள் கூட உட்காராமல் பரிமாறிக்கொண்டே இருப்பதைப் பார்த்து விருந்தாளி எழுந்து உதவப் போவார். அதைத் தடுக்காதீர்கள், ஆனால் சமையல்கட்டுக்குள் போகுமுன் கேட்கச் சொல்லுங்கள். கூட உட்காரும்படி நீங்களும் ஒரு வார்த்தை வற்புறுத்திச் சொல்வது நல்லது. சொன்னால் உட்காருகிறவர்கள் இப்போது நிறைய பேர்.

பணம் கொடுக்கவே கூடாது. குழந்தை கையில் கொடுக்க ஆசைப்பட்டால் நூறு ரூபாய்க்கு மேல் வேண்டாம்.

8. பழனிக்கு இறங்கினால்

கொடைக்கானலிலிருந்து பழனி சுமார் 65 கிலோமீட்டர், மலைப்பாதையில் இரண்டரை மணி நேரம். மலைக்கோயிலில் நாள் முழுவதும் அன்னதானம் உண்டு, இலவசம். வரிசையில் நின்று, உட்கார்ந்து, போட்டதை மிச்சம் வைக்காமல் சாப்பிட வேண்டும். வேண்டிய அளவை முதலிலேயே சொல்லிவிடுங்கள். செல்போனுக்கு 2023 அக்டோபர் 1 முதல் தடை, அடிவாரத்திலேயே கொடுத்துவிட வேண்டும். இந்து அல்லாதவர்கள் கொடிமரத்துக்கு அப்பால் போவது பற்றி 2024 ஜனவரியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஓர் உத்தரவு போட்டது. முருகன் மேல் நம்பிக்கையோடு வருபவரிடம் உறுதிமொழி எழுதி வாங்கச் சொல்லியிருந்தது. விருந்தாளியை மலை ஏற்றிவிட்டு வாசலில் நிறுத்தி வைக்காமல், அடிவார அலுவலகத்தில் இப்போதைய நடைமுறையைக் கேட்டுக்கொண்டு ஏறுங்கள்.

9. பில், டிப்ஸ், பணம்

தோராயக் கணக்கு: டீ 15 முதல் 25 ரூபாய், மெஸ்ஸில் சைவச் சாப்பாடு 100 முதல் 150, ஏரிக்கரைப் பக்கம் பெரிய ஹோட்டலில் 200க்கு மேல். வட்டக்கானல் கஃபேக்களில் ஒரு வேளை ஆளுக்கு 300, 400 ஆகும். சீசனில் இவை ஏறும். மெனுவில் விலை போடாத இடத்தில் உட்காருமுன் கேளுங்கள். சாதாரண ஹோட்டல் பில்லில் ஜிஎஸ்டி 5 சதவீதம். ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று தனியாக இருந்தால் அது கட்டாயம் கிடையாது, எடுக்கச் சொல்லலாம். டிப்ஸ் மெஸ்ஸில் பத்து, இருபது ரூபாய். உட்கார வைத்துப் பரிமாறும் ஹோட்டலில் ஐந்து முதல் பத்து சதவீதம், சப்ளையர் கையில் நேராக.

வெளிநாட்டு கார்டு சின்னக் கடையில் ஓடாது. ஜிபே உங்களுக்கு இருந்தாலும் பூம்பாறை தாண்டினால் சிக்னல் போய்விடும். நூறும் ஐம்பதுமாக ஒரு மூவாயிரம் ரூபாய் கையில் இருக்கட்டும்.

10. வழியில் தின்பது, ஊருக்குக் கொண்டு போவது

பிளம்ஸ், பேரிக்காய் வண்டியில் விற்கும். வெட்டி மிளகாய்ப்பொடி தூவியதை வாங்காமல் முழுசாக வாங்கி, காய்ச்சிய நீரில் கழுவிச் சாப்பிடுங்கள். சுட்ட சோளம், வேகவைத்த கடலைக்குப் பயமில்லை. கையில் தின்பண்டத்தோடு கோக்கர்ஸ் வாக் பக்கம் நடந்தால் குரங்கு பறிக்கும். பறித்தால் விட்டுவிடச் சொல்லுங்கள், இழுத்தால் கடிக்கும். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மிச்சச் சாப்பாட்டை ரூம் வாசலில் வைக்காதீர்கள், ராத்திரியில் காட்டெருமை டவுனுக்குள்ளேயே நடமாடும்.

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூண்டு வாங்கினால் ஈரம் இல்லாமல் காய்ந்ததாகப் பாருங்கள், இல்லையென்றால் சமவெளிச் சூட்டில் ஒரே வாரத்தில் முளைக்கும். பச்சைப் பூண்டும் பழமும் பல நாடுகளில் விமான நிலையத்திலேயே பிடுங்கிப் போட்டுவிடுவார்கள், அதெல்லாம் உங்கள் வீட்டுக்கு மட்டும். பஞ்சாமிர்தம் சீல் வைத்த டப்பாவில் வாங்கிச் செக்-இன் பெட்டியில் போடச் சொல்லுங்கள்; கைப்பையில் 100 மில்லிக்கு மேல் விட மாட்டார்கள். தேனும் நெய்யும் சேர்ந்தது என்பதால் போய் இறங்கும் நாட்டில் படிவத்தில் எழுதிக் காட்ட வேண்டும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் எழுதாமல் விட்டால் அபராதம் கனமாக இருக்கும்.